உருளி தாண்டாத நிலைப்படி

"அருமை, போளி வந்துதோ?" என்று நீலகண்டன் தலையை அண்ணாந்து மரஅழியைப் பார்த்துக் கேட்டான்.

"வந்துது," என்றது மரஅழி. "செருப்புத் தைக்கவனுக்குப் போகவேண்டியது வழிதப்பி எனக்கிட்ட வந்திருக்கு."

"நாக்கு செத்துப் போச்சுடா உனக்கு. இங்கே வெண்ணெயாக் கரையறது."

"எனக்க நாக்கு நல்லாத்தான் இருக்கு. நீ கரையாம இருந்தா செரி."

மணியன் கிளப் என்ற அந்தப் பலகாரக்கடையில் உள்ளறைக்கும் வெளியறைக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. காற்று மட்டும் ஆசாரம் பார்க்காது என்பதால் அதற்காகச் சுவரின் உச்சியில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து அழி வைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் நீலகண்டனும் அருமைநாயகமும் சனிக்கிழமைதோறும் சேர்ந்து பலகாரம் சாப்பிட்டார்கள். உள்ளறை வாசலில் 'பிராமணாளுக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. மகாராஜா விளம்பரம் போட்டுத் தேசத்துக் கோவில்களை எல்லாம் எல்லாருக்கும் திறந்துவிட்ட மறுவருஷம் அது. பலகையைப் பற்றி யாராவது கேட்டால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி வெங்கடசுப்ரமணியன், "விளம்பரம் கோவிலுக்குத்தானே ஓய், கிளப்புக்கு இல்லையே," என்பார். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வார்.

நீலகண்டன் வலியசாலை அக்கிரகாரத்துக்காரன். அருமைநாயகம் களியக்காவிளைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் பாடுகிறவன். மராமத்து ஆபீசில் இருவருக்கும் ஒரே மேஜை, ஒரே மைக்கூடு, ஒரே வியாதி. நாக்குதான் வியாதி. சாலைக் கம்போளக் கடைவீதியில் எந்தச் சந்துக்குள் புது அல்வா கிளறுகிறார்கள், பழவங்காடியில் எவன் நன்னாரி சர்பத்தில் தண்ணீர் கூட்டுகிறான், புத்தன்சந்தைப் பக்கம் வடையில் மிளகை முழுதாகப் போடுகிற புண்ணியவான் யார் என்பதெல்லாம் இருவருக்கும் அத்துபடி. ஆபீஸ் கோப்புகளில் இந்த அக்கறையில் கால்வாசி காட்டியிருந்தால் இருவரும் எப்போதோ ஹெட்கிளார்க் ஆகியிருப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் சேர்ந்து கிளம்புவார்கள். கிளப்பு வாசலில் பிரிவார்கள், நீலகண்டன் உள்ளறைக்கு, அருமைநாயகம் வெளியறைக்கு. சாப்பிட்டபின் எதிரே வெற்றிலைக்கடையில் மறுபடி சேர்ந்து, தின்றதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

போளிச் சண்டை மட்டும் தீராமல் கிடந்தது. பருப்புப் பூரணத்தை மஞ்சள் பட்டுத்துணி மாதிரி தேய்த்துச் சுட்டு, மேலே பால்பாயசத்தை விட்டுப் பிசைந்து சாப்பிடுவது மணியன் கிளப்பின் சனிக்கிழமை விசேஷம். நீலகண்டன் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சபைப் பாட்டுக்காரனே ராகத்துக்குத் தோற்றுப் போவான். அருமைநாயகமோ, தோல் தோல் என்றே சொல்லிக் கொண்டிருந்தான். கருவாடு தின்று மரத்துப்போன நாக்கு, அதற்கு நெய்யின் நயம் எங்கே புரியப்போகிறது என்று நீலகண்டன் தனக்குள் ஒரு சாஸ்திரமே கட்டி வைத்திருந்தான். நண்பனிடம் அதைச் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனசு.

அன்று வெற்றிலைக்கடையில் அருமைநாயகம் கோட்டுப் பையிலிருந்து இலைத்துண்டில் மடித்த பாதிப் போளியை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"தின்னு."

நீலகண்டன் வாயில் போட்டான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். காலையில் சுட்டது, காய்ந்து, ஓரம் விறைத்து, நெய் உறைந்து கிடந்தது. கல்லிலிருந்து சூடாக இறங்குவது உள்ளறைக்குப் போகும், மிச்சப்பட்டது வெளியே போகும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றாமல் இருப்பதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

"பாயசம்?" என்று கேட்டான்.

"ஏது பாயசம்? அந்தப் பாயச உருளி நிலைப்படி தாண்டாதாக்கும். பரிமாறுத ஸ்ரீகண்டன்கிட்ட கேட்டாச்சு. இத்தனை நாளும் நீ அழி வழியா சொல்லுததைக் கேட்டுத்தான் நான் பாயசம் குடிச்சிட்டிருக்கேன்." வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டான். "மதி நீலாண்டா, போதும். இனி நான் அந்த வெளியறையில இருக்கப்போறதில்ல. இருந்தா உனக்கூட ஒரே பெஞ்சில. இல்லைன்னா சனிக்கிழமை எனக்கு வேற சோலி உண்டு."

"பின்னே திரவியம் கடைக்குப் போலாமே. அங்கே ஒண்ணாத்தானே உக்காரறோம்?"

திரவியத்தின் டீக்கடை சாலையின் கடைசிச் சந்தில் இருந்தது. பலகை இல்லாத கடை. முட்டையும் பரோட்டாவும் ஒரே கல்லில் புரளும் என்பதால் வலியசாலைக்காரன் யாரும் அந்தச் சந்தில் மூக்கைக்கூட நீட்டமாட்டான். நீலகண்டன் அங்கே டீயும் பழம்பொரியும் மட்டும் தின்பான். ஆனாலும் அது வீரச்செயல் என்றே அவன் நினைத்திருந்தான்.

அருமைநாயகம் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பல்ல. "அங்க நீ எப்படி இருப்ப, தெரியுமா? தெருவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பாத்து. மணியன் கிளப்பில சுவரு நடுவில நிக்குது. திரவியம் கடையில நீயே கொண்டு வாற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சாமி."

கோபம் வந்தால்தான் அவன் 'சாமி' என்பான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போயே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து நீலகண்டன் சாப்பாடு வேண்டாமென்றான். மனைவி சாவித்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிளப்பா, சந்துக்கடையா?"

"எந்தச் சந்துக்கடை?"

"ஏன்னா, உங்க கோட்டைத் தோய்க்கறவ நானாக்கும். மசாலா வாசனை ஆபீஸ் மேஜையிலேர்ந்தா வரும்?" கரண்டியை ஈயச்சொம்பின்மேல் வைத்தாள். "தின்னது எனக்குச் சங்கடமே இல்லை. ஒருநாளாவது ஒரு பழம்பொரி மடிச்சுண்டு வந்து தந்தேளா? அதுதான் சங்கடம். பின்னே, திருடன் மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு போறது. போறதுன்னா நிமிந்துண்டு போங்கோ. கோவில் நடையிலே நாலு பேர் என்னைக் கேட்டா, ஆமா போறார்னு நானும் நிமிந்துண்டு சொல்லிட்டுப் போறேன்."

நீலகண்டன் அன்றிரவு தன் முதுகெலும்பைப் பற்றி யோசித்தான். அது இருந்த இடத்தில் எப்போதோ நல்ல நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்பை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று பட்டது.

அந்த வாரம் முழுக்க அருமைநாயகம் மைக்கூட்டை மட்டும் பகிர்ந்துகொண்டான். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நீலகண்டன் அவன் குடையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஒருநாள் வா. வந்து வெளியறையிலே உக்காரு. ஒண்ணும் கேட்டு வாங்காதே."

"ஒண்ணும் வாங்காம அங்க இருந்து என்னத்துக்கு? பூசை பண்ணவா?"

"வாடா."

குடை போனால் மழையில் நனையவேண்டுமே என்று அருமைநாயகம் வந்தான். நீலகண்டன் உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்து இலையில் அவன் தெருக்காரர் வெங்கடேஸ்வரன், மறைந்த எல்லாருடைய திதியும் நினைவில் வைத்திருப்பவர், வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார். ஸ்ரீகண்டன் சூடாக இரண்டு போளியை இலையில் போட்டான். அப்புறம் கைப்பிடி உருளியோடு வந்து அகப்பையால் பாயசத்தை விட்டான். மஞ்சளின்மேல் இளஞ்சிவப்பாகப் பால் பரவியது. ஏலக்காய் மணம் எழுந்து நீலகண்டனின் வீரத்தை ஒருதடவை அசைத்துப் பார்த்தது. முதலில் ஒரு வாய் தின்றுவிட்டு அப்புறம் புரட்சி செய்யலாமே என்று நாக்கு கெஞ்சியது. தின்றால் எச்சில். எச்சிலை நண்பனுக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டு கையாலும் இலையின் இருபுறத்தையும் ஏந்திக்கொண்டு எழுந்தான்.

போட்ட இலையை எடுத்துக்கொண்டு யாரும் நடந்து அந்த அறை பார்த்ததில்லை. அதில் ஒரு நியாயமும் இருந்தது: பாயசம் ஊற்றிய வாழையிலை நடப்பதற்கு ஏற்றதல்ல. இரண்டாவது அடியிலேயே ஒரு ஓரம் தாழ்ந்து, பால் மணிக்கட்டில் இறங்கி, கோட்டுக் கைக்குள் புகுந்து, முழங்கையில் சூடாகத் தேங்கியது. மீதி சொட்டுச் சொட்டாகத் தரையில் கோடு போட்டது.

"எந்தா இது! ஓய் நீலகண்டன்! வெச்ச இலையை எடுக்கப்படாது ஓய்!" வெங்கடசுப்ரமணியன் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"எடுத்தாச்சே," என்றான் நீலகண்டன். குரல் கொஞ்சம் கீச்சிட்டது. அதற்கு என்ன செய்ய முடியும்? பழக்கமில்லை.

நிலைப்படியைத் தாண்டினான். வெளியறைப் பெஞ்சில் ஒரு வண்டிக்காரரும், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும், மழைக்கு ஒதுங்கிய, சுமை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் இரண்டு பேரும் காய்ந்த போளியை மென்றபடி இருந்தார்கள். எல்லாருடைய தாடையும் நின்றது. அவன் அருமைநாயகத்தின் முன்னால் இலையை வைத்து, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். தெருவைப் பார்த்து.

அருமைநாயகம் இலையைத் தொடவில்லை. "மிச்சம் கொண்டு வந்தியா எனக்கு?"

"தொடவே இல்லைடா. பாதிப் பாயசம் என் கோட்டுக்குள்ளே போயிடுத்து, அதுதான் நஷ்டம். உன்கூடத் திங்க வந்தேன். நீ தொட்டாத்தான் நான் தொடுவேன். சீக்கிரம் தொடு, ஆறிண்டிருக்கு."

அருமைநாயகம் அவன் முழங்கையைப் பார்த்தான். பால் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மேல்போளியைப் பிய்த்தான். பாயசத்தில் புரட்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினான். நீலகண்டனும் தன் பங்கைப் பிய்த்தான். ஒரே இலையில் இரண்டு கை. பேச்சில்லை. அழி வழியாக எவ்வளவோ பேசிவிட்டார்கள்.

"லேய்," என்றான் அருமைநாயகம் கடைசியில், கண்ணைத் திறக்காமல். "நீ சொன்னதில பாதிதாம்லே உண்மை. இது அதைவிடக் கேமமாட்டு, ருசியாட்டு இருக்கு."

வெங்கடசுப்ரமணியன் நிலைப்படிக்குள் நின்றபடியே விரலை நீட்டினார். "இப்படிப் போனவர் இனிமே உள்ளே வரப்படாது. சொல்லிட்டேன்."

"உள்ளே வரணும்னு யார் கேட்டா? வெளியே வரலாமோல்லியோ? வெளியே ரெண்டு போளி. காலம்பறச் சுட்டது வேண்டாம். கல்லுலேர்ந்து. பாயசத்தோட."

"எனிக்கும்," என்றார் வண்டிக்காரர், காய்ந்த போளியை ஒதுக்கி வைத்துவிட்டு. வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்; கனைப்பிலேயே ஆர்டர் இருந்தது. சுமட்டுக்காரர் ஒருவர் முன்னால் கிடந்த இலையைத் திருப்பித் துடைத்து விரித்தார்.

உள்ளே தெருக்காரர் வெங்கடேஸ்வரன் வடையைப் பாதியில் விட்டு, கையைக்கூடக் கழுவாமல் பின்வாசல் வழியாக மழையில் இறங்கினார். குடை இல்லாமலேயே ஓடினார். சேதி நனைந்துவிடக்கூடாதே. நீலகண்டன் வீடு போய்ச் சேருவதற்குள் வலியசாலை முழுக்கக் கேட்டிருக்கும், சாவித்ரிக்கும் கேட்டிருக்கும். பெஞ்சில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினான். நிமிர்ந்தது. வலித்தாலும் நிமிர்ந்தது.

"மடிச்சுக் கட்டறதுக்கு ரெண்டு போளி தனியா!" என்று உள்பக்கமாகக் குரல் கொடுத்தான். இந்தத் தடவை அழியைப் பார்க்கவில்லை.

நிலைப்படியில் ஸ்ரீகண்டன் நின்றான். இடது கையில் உருளி, வலது கையில் அகப்பை. அவன் காலடியில் நீலகண்டன் போட்ட பால்கோடு உள்ளறையிலிருந்து வெளியறைவரை நேராகக் கிடந்தது. எங்கிருந்தோ வந்த எறும்புகள் அதன்மேல் போகவும் வரவுமாக இருந்தன. ஸ்ரீகண்டன் ஒருதடவை முதலாளியைப் பார்த்தான், ஒருதடவை விரித்த இலைகளைப் பார்த்தான். அகப்பையின் நுனியில் ஒரு சொட்டுப் பாயசம் திரண்டு, கனத்து, நிலைப்படிக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்தது.