முட்டுக் கழற்றும் நேரம்

எங்கள் குடும்பம் கட்டிய எந்தக் கட்டிடத்திலும் முட்டுக் கழற்றும்போது எங்கள் வீட்டு ஆள் ஒருவர் தளத்துக்கு அடியில் நிற்பார். இது என் அப்பா வைத்த வழக்கம். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கிற இரும்புக் குழாய்களைத் தட்டி எடுக்கும்போது, கட்டியவன் எட்ட நின்று வேடிக்கை பார்த்தால் அவன் வேலையை வேறு யார் நம்புவார் என்று கேட்பார். அப்பாவுக்குப் பிறகு நான் நின்றேன். என் தம்பி நின்றான். என் மகன் நின்றான். எங்கள் தலையில் ஒரு துளி காரைகூட உதிர்ந்ததில்லை. இந்தப் பல்கலைக்கழகம் சுற்றியிருந்த காலி நிலத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு வளர்ந்தபோது, அதன் வேலைகள் எங்கள் வீட்டைத் தேடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிற்பவர் கடைசி முட்டு விழும்வரை நகரக் கூடாது. என் சித்தப்பா ஒருமுறை பலகை உரசிய சத்தத்துக்கு வெளியே ஓடி வந்துவிட்டார். அவர் சாகும்வரை கல்யாண வீட்டில்கூட அவர் பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்துச் சத்தம் செய்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் எல்லார்மேலும் சேர்த்துத்தான் விழுந்தது.

பழைய அறிவியல் கட்டிடத்தைப் புதுப்பிக்கும் வேலையோடு அதன் வாசலுக்கு ஒரு முகப்பும் கேட்டார்கள். தூண் எதுவும் தெரியக் கூடாது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, கீழே இரண்டு கார் நிற்கிற அகலத்துக்கு ஒரு தளம். அதன் அடியில் நிற்கும் முறை தம்பியுடையது. ஆனால் அவனுக்குச் சில நாட்களாகத் தலைசுற்றல். என் மகன் வெளியூரில் வேறொரு வேலையில் இருந்தான்.

"நான் நிக்கிறேன் மாமா" என்றாள் என் மருமகள்.

அவள் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த எஞ்சினியர். எங்கள் வேலைகளுக்கு அவள்தான் கணக்குப் போட்டு வரைபடம் கொடுப்பாள். இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த வீட்டு ரத்தம் நிக்கணும்மா. அதான் வழக்கம்."

"உங்க பிள்ளைக்கு ஆபரேஷன் ஆனப்ப ரத்தம் கொடுத்தது யாரு? பாதி ரத்தம் என்னோடதுதான் அவர் உடம்புல ஓடுது. அந்தப் பாதி நிக்கட்டும்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன்.

"நின்னா நகரக் கூடாது. யார் கூப்பிட்டாலும். நானே கூப்பிட்டாலும்."

"நீங்க கூப்பிடவே மாட்டீங்க மாமா. கல்யாணமாகி ஒரு வருஷமா என்னை 'வாம்மா'ன்னு கூப்பிட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காலை மழை விட்டிருந்தது. துணைவேந்தரும் பதிவாளரும் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். பின்னால் மாணவர் கூட்டம், எல்லார் கையிலும் போன். எதிரே சாலையை வெட்டிக்கொண்டிருந்த இயந்திரமும், பக்கத்துக் கட்டிடத்தில் பழைய தரையைப் பெயர்க்கிற டிரில்லும் போட்ட இரைச்சலில், பக்கத்தில் நின்று கத்தினால்தான் பேச்சுக் கேட்டது. மருமகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தளத்தின் நடுவில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் குழாய்கள். சுத்தியல்களோடு ஆட்கள். வாய் மூடாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய மேஸ்திரி அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"வெளி விளிம்புலேர்ந்து ஆரம்பிங்கடா. சுவர்ப் பக்கம் கடைசியில. மேடம் தலையில குழாய் விழுந்தா குழாய்க்குத்தான் சேதம், பாத்து!"

நான் மாடிக்குப் போனேன். மழைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் குப்பை அடைத்திருக்கும் என்று ஒரு எண்ணம். முதல் மாடி ஜன்னலைத் திறந்தால் தளத்தின் மேல்பக்கம் கைக்கு எட்டும். நினைத்தபடியே தண்ணீர் தேங்கி, வானத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

கீழே முதல் சுத்தியல் அடி விழுந்தது. தண்ணீர் நடுங்கியது. வெளி வரிசைக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது. கைதட்டலும் கேட்டது.

அப்போது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுவரை ஒட்டி இருந்த தண்ணீர் மட்டும் குறைந்தது. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். தண்ணீர் வடிந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. பென்சிலால் இழுத்தது போன்ற கோடு. இன்னொரு குழாய் விழுந்தது. கோடு நீண்டது. சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விட்டது. தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.



நீட்டிக்கொண்டிருக்கிற தளத்தைப் பிடித்து நிறுத்துவது அதன் மேல்பக்கத்தில் இருக்கும் கம்பி. அந்தக் கம்பி கீழே அமுங்கிவிட்டால் அது இருந்தும் இல்லாதது போலத்தான். எங்கள் ஆட்கள் கம்பிமேல் கால் வைக்க மாட்டார்கள். பலகை போட்டு நடப்பார்கள். ஆனால் கான்கிரீட் போட்ட அன்று நான் துறைத் தலைவர்களையெல்லாம் இந்த ஜன்னல் வழியாக அழைத்து வந்து, முதல் சட்டிக் கலவையை அவர்கள் கையால் கொட்ட வைத்தேன். புகைப்படத்துக்காக எல்லாரும் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். பலகை போதவில்லை. பெரிய மனிதர்களைத் தள்ளி நில்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? நானே நடுவில் நின்று சிரித்தேன். கோடு விழுந்திருந்தது அவர்கள் நின்ற இடத்தில்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். டிரில் என் குரலைத் தின்றுவிட்டது. கீழே கூட்டத்தில் ஒருவன் நிமிர்ந்து பார்த்து எனக்குக் கையசைத்தான்.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்த கையில் தோல் உரிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மடக்குப் படியில் தம்பி எதிரே வந்தான்.

"அண்ணே, எங்க போனீங்க? துணைவேந்தர் உங்களைத் தேடுறார்."

"சுவரோரம் விரிசல் விட்டுப்போச்சுடா. கம்பி அமுங்கியிருக்கு. அவளை வெளிய கூப்பிடு."

அவன் முகம் வெளுத்தது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாதி முட்டு இன்னும் இருக்குல்ல? ரேடியோகிட்ட ரகசியமா சொல்லி இத்தோட நிறுத்துவோம். மிச்சம் நாளைக்குன்னு சொல்லிக்கலாம். கூட்டம் போகட்டும். இத்தனை போன் முன்னாடி வேணாம்ணே. அப்பா பேர் போயிடும்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது எனக்கு நியாயமாகப் பட்டது. அதற்குள் இன்னொரு குழாய் விழுந்தது. அவன் கையை உதறிவிட்டு வெளியே போனேன்.

டிரில் அப்போது ஓய்ந்திருந்தது. தளத்தின் விளிம்பருகே நின்று கூப்பிட்டேன். "அம்மா, வெளிய வா."

மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வரமாட்டேன் மாமா. நீங்களே கூப்பிட்டாலும் வரக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க."

கூட்டம் சிரித்தது. பதிவாளர் துணைவேந்தரிடம் குனிந்து, "பாருங்க சார், சோதிச்சுப் பாக்குறார்" என்றார்.

"விளையாட்டில்லம்மா. வா."

அவள் சிரிப்பு நின்றது. முகம் சிவந்தது. "எல்லார் முன்னாடியும் என்னை வெளிய அனுப்பணுமா மாமா? அவ்வளவு அன்னியமா நான்? நகர மாட்டேன்."

அவள் தலைக்கு மேலே அந்தத் தளம் வழவழவென்று, பழுதே இல்லாதது போல இருந்தது. கீழிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ரேடியோ மேஸ்திரி அடுத்த குழாயைக் காட்டி, "ம்ம், போடு" என்றார். ஓர் ஆள் சுத்தியலை ஓங்கினான்.

நான் தளத்துக்கு அடியில் போனேன்.  என் தொண்டையில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்துச் சொன்னேன்.

"சுத்தியலைக் கீழ வை! தளம் தப்பு! எங்க வேலை தப்பு! சுவரோரம் விரிசல் விட்டிருக்கு, எல்லாரும் வெளிய போங்க!"

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. நாற்காலிகள் பின்னால் சரிந்தன. மேஸ்திரியின் வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

மருமகள் ஓடவில்லை. என் கண்ணைப் பார்த்தாள்.

"மேல்பக்கமா?"

"மேல்பக்கம். முழு நீளத்துக்கும்."

அவள் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனதை நான் பார்த்தேன். ஆனால் குரல் உடையவில்லை. "யாரும் குழாய்ல இடிக்காதீங்க. சுத்தியலைப் போடாதீங்க, மெதுவா வைங்க. வாசல் வழியா கட்டிடத்துக்குள்ள போங்க. ஒவ்வொருத்தரா. ரேடியோ அண்ணே, நீங்களும்."

ஆட்கள் குழாய்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நழுவினார்கள். ஒருவன் சட்டை ஒரு குழாயின் திருகில் மாட்டிக்கொண்டது. அவன் இழுத்தான், குழாய் ஆடியது. மருமகள் போய் அந்தத் துணியைப் பிய்த்து விட்டாள். அவன் உள்ளே பாய்ந்தான். கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"நீங்க முதல்ல போங்க மாமா."

"நீ போ."

"இங்கயும் மரியாதையா?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

வாசற்படியில் நான் கால் வைத்தபோது தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல. திரும்பிப் பார்த்தேன். தளத்தின் வெளி விளிம்பு ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. மிச்சமிருந்த குழாய்கள் வில்லாக வளைந்து அதைத் தாங்கின. விரிசல் வழியாக அழுக்குத் தண்ணீர் மருமகள் முதுகில் கொட்டியது. நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். தளம் விழவில்லை. அப்படியே தொங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். பதிவாளர் என்னிடம் வந்தார். 

"ஐயா, டிசைன் கோளாறுன்னு எழுதிக்கலாமா? இல்ல சிமெண்ட்..."

தம்பி என்னைக் கெஞ்சுவது போலப் பார்த்தான்.

"என் கோளாறுன்னு எழுதுங்க" என்றேன். "கம்பி மேல ஆளை நிக்க வச்சது நான். இதை நாங்களே இடிச்சுத் தருவோம்."

மருமகள் ஈரச் சட்டையோடு என் பக்கத்தில் நின்றாள். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்த நேரம் அவள் கேட்டாள்.

"மாமா, போன வருஷம் பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு முகப்பு போட்டோமே. அன்னைக்கும் இவங்களையெல்லாம் மேல ஏத்தி போட்டோ எடுத்தீங்களா?"

நான் மைதானத்துக்கு அப்பால் இருந்த விடுதி முகப்பைப் பார்த்தேன். அன்றும் எல்லாரும் சுவரை ஒட்டித்தான் நின்றோம்.

"ஒரு வருஷமா நிக்குதேம்மா" என்றான் தம்பி.

"நிக்குது சின்ன மாமா. யாராவது மேல ஏறிப் பாத்தோமா?"

என் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. பிறகு நெற்றியில். நாங்கள் துரத்திவிட்ட கூட்டம் மைதானத்தில் சிதறி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது. மழை சடசடவென்று இறங்கியதும் அவர்கள் பைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடினார்கள். பக்கத்தில் ஒதுங்க வேறு இடம் இல்லை. எல்லாரும் விடுதி முகப்பை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வா" என்றேன் மருமகளிடம். அவள் எனக்கு முன்னாலேயே ஓடத் தொடங்கியிருந்தாள்.