இரண்டாவது கிளட்ச்

ஒன்பது மாதத்துக்குள் இரண்டாவது முறையாகக் கிளட்ச் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தபோது ஜெனிலா ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். யார் வண்டிக்கோ என்னவோ ஆனதுபோலக் கேட்டாள். "சாயங்காலம் வாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, மீதிப் பதினான்கு தாள்களையும் திருத்தி முடித்தாள்.

பன்னிரண்டு வருடம் பழைய சின்னக் கார். சவூதியில், தம்மாமில் ஸ்டோர்கீப்பராக இருந்த அவள் கணவன் எட்சன், வேலை போய்த் திரும்பி வந்ததும் மணவாளக்குறிச்சியில் ஒருவரிடம் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியது. முதலில் ரேடியேட்டர் விசிறி சுற்றாமல், ஆரல்வாய்மொழியில் நடுரோட்டில் புகைந்து நின்றது. பிறகு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் கடகடவென்று சத்தம். பிறகு கிளட்ச். ஒவ்வொரு தடவையும் ஐயாயிரம், எட்டாயிரம் என்று போனது. எட்சன் அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டான். அவளும் கேட்பதை விட்டு நாளாகியிருந்தது. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

சாயங்காலம் மெக்கானிக் சுயம்புராஜ் நெற்றி நாமத்தில் கிரீஸ் படாமல் புறங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கழற்றிய கிளட்ச் தட்டை அவளிடம் நீட்டினார். உரசும் பாகம் முழுக்கத் தேய்ந்து ஆணித்தலைகள் தெரிந்தன. கருகல் வாடை அடித்தது.

"போன தடவ போட்டது டூப்ளிகேட்டா?" என்றாள்.

"கம்பெனி சாதனமாக்கும் டீச்சர். அஞ்சு வருசம் ஓட வேண்டியது."

"அப்போ வண்டிதான் மோசம்."

"வண்டிய குத்தம் சொல்லப்பிடாது." அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுக்காண்டாம். சாரு எப்பவும் இடது காலை கிளட்ச் மேலயே வச்சுத்தான் ஓட்டுகாரு. பாதி அமுங்கியே கெடந்தா தட்டு எரிஞ்சு போவும். போன தடவையே சொன்னேன். 'நான் எங்க ஓய் வச்சேன்'னு சிரிக்காரு. பொய் சொல்லல்ல. அவருக்குத் தெரியல்ல."

"தெரியல்லன்னா?"

"செவ்வாக்கெழம வண்டிய விட வந்தாருல்லா? எறங்கி எதுத்தால சாயாக்கடைக்குப் போறாரு. இடது கால் செருப்பு வண்டிக்குள்ள கெடக்கு. நல்ல உச்சி வெயிலு, வெறுங்காலோட தாரு ரோட்டத் தாண்டுகாரு. நான் கொண்டு குடுத்த பெறவுதான் குனிஞ்சு பாத்தாரு. சுகர் உண்டா டீச்சர்?"

உண்டு. பதினோரு வருடமாக உண்டு.

ஜெனிலா தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். கிளட்ச் செட், கூலி, ஃப்ளைவீல் கடைசல் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குக் குறையாது என்றார். "செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

வீட்டில் எட்சன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்து அவன் இடது காலைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யிய?"

பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஓரம் கறுத்த ஒரு புண். அதற்குள் ஒரு ஜல்லிச் சில்லு. புண்ணைச் சுற்றி அமுக்கினாள்.

"நோவுதா?"

"எங்க?" என்றான்.

இடுக்கியால் அந்தச் சில்லை எடுத்தாள். அவன் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"எத்தன நாளா இப்பிடி?"

"தம்மாம்லயே மரத்துப்போச்சு." சத்தத்தைக் குறைத்தான். "சொன்னா வண்டி ஓட்ட விடமாட்டல்லா. காலையில எழும்பி நான் வேற எங்க போவேன்?"

மறுநாள் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பத்தொன்பது நாள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம், இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். சபையிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அவர்களில் நேசம்மாள் அவள் தோளை அணைத்து, "அழுதுருட்டி, கொஞ்சம் அழுதுரு" என்றாள். ஜெனிலா அழப் பார்த்தாள். வரவில்லை. வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்க இறங்கினாள்.

எட்சன் வீட்டுக்கு வந்த வாரத்தில் சுயம்புராஜ் மறுபடியும் போன் செய்தார். அவள் போய் ரூபாயைக் கொடுத்தாள்.

"விக்கதா இருந்தா ஆளு உண்டு. ஒண்ணேகால் லச்சம் தருவாரு" என்றார்.

வாரம் மூன்று நாள் கட்டு மாற்றப் போகவேண்டும். ஆட்டோவுக்குப் போகவர அறுநூறு. ஆட்டோ குலுக்குகிற குலுக்கலில் எட்சனின் கால்கட்டுக்குள் ரத்தம் கசிந்தது.

"விக்கல்ல. நான் ஓட்டப் படிக்கப்போறேன்" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவளுக்குச் சந்தோஷமோ பயமோ எதுவும் வரவில்லை.

அதன் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் டிரைவிங் ஸ்கூல். நாற்பத்தேழு வயதில், கல்லூரிப் பெண்களோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டாள். முதல் டெஸ்டில் தோற்றாள். இரண்டாவதில் லைசன்ஸ் கிடைத்தது.

புண் முழுதாக ஆற நாலு மாதம் ஆயிற்று. கடைசி இரண்டு மாதம் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். எட்சன் பக்கத்து சீட்டில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, வழியெல்லாம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வில்லுக்குறி தாண்டும்போது ஒருநாள், "ஏட்டி, மூணாவது போடு" என்றான்.

மூன்றாவது கியரைப் போட்டாள். இன்ஜின் இரைச்சல் அடங்கியது.