நூற்றுக்கு இருபத்து மூன்று

வேலையில் இருக்கும் நூறு பேரில் மாதம் இரண்டு பேர் வேலை இழக்கிறார்கள். வேலையில்லாத நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வேலை கிடைக்கிறது. இரண்டையும் கூட்டினால் இருபது. இழப்பை அந்த இருபதால் வகுத்தால் பத்து சதவீதம். இப்படியே போனால் வேலையின்மை அங்கே போய்த்தான் நிற்கும். ஒரு வருடமாக எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகக் கணக்குப் பிரிவில் அந்தப் பத்து அசையவே இல்லை. இந்த மாதம் பதினெட்டு இருபத்து மூன்றாகியிருந்தது. இரண்டை இருபத்தைந்தால் வகுத்தேன். எட்டு.

"எட்டா! உன் வாயில சர்க்கரை போடணும்மா," என்றார் பிரிவுத் தலைவர். புள்ளி வைக்காமல் மணிகூடச் சொல்ல மாட்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம்.

வேலை கிடைத்தவர்களின் பதிவு அட்டை எண்கள் இருந்த பட்டியலைப் புரட்டினேன். நான்காம் பக்கத்தில் என் அண்ணனின் எண் இருந்தது.

பதினொரு மாதமாக அவனுக்கு வேலை இல்லை. பதிவு மூப்புப்படிதான் வேலைக்கு அழைப்பார்கள். அண்ணனுக்கு முன்னால் ஆறே பேர் என்று போன வாரம்தான் பார்த்திருந்தேன். அதற்குள் கிடைத்துவிட்டதா! பேருந்தில் வீடு போகும்போது தெருவின் ஜன்னல்களெல்லாம் எனக்குத் தெரிந்தவர்களுடையவை போலிருந்தன.

அண்ணன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"திருடா, சொல்லவே இல்ல! என்ன வேலை?"

"இதுதான். சம்பளம் மட்டும் கெடையாது."

"விளையாடாதண்ணா. லிஸ்ட்ல உன் நம்பர் இருக்கு."

அவன் கை நின்றது. "இந்த மாசம் நான் கையெழுத்துப் போடவே வரலையே. கொட்டுற மழையில நிக்கணும். உன் ஆபீஸ் ஆளுங்க வேற, தங்கச்சி மேல, அண்ணன் கீழன்னு பாக்குறாங்க. ஒரு தடவைதானேன்னு விட்டுட்டேன்."

இன்னும் வேலையில்லை என்று மாதாமாதம் கையெழுத்துப் போட வராதவருக்கு வேலை கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பதிவை நீக்கிவிடுவது எங்கள் பிரிவின் வழக்கம். வேலை இல்லாதவன் வராமல் இருப்பானா என்று நானே கேட்டிருக்கிறேன். இந்த முறை அந்த வாரம் முழுக்க அடைமழை. வரிசையோ வெட்டவெளியில்.

மறுநாள் காலை தசமத்திடம் சொன்னேன்.

"எட்டுன்னு ரேடியோவிலயே சொல்லியாச்சேம்மா."

"மூப்பையாவது திருப்பிக் குடுங்க சார்."

"அவருக்கு வேலை கிடைக்கலன்னு எழுதினா, மத்தவங்களுக்கும் எழுதணும். அப்புறம் எட்டு எங்க போய் நிக்கும்?"

"பத்துல."

"தெரியுதுல்ல," என்றார். கெட்டவர் இல்லை. நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். "புதுசாப் பதியச் சொல்லு."

நானே பதிந்தேன். இப்போது அண்ணனுக்கு முன்னால் நாலாயிரத்துச் சொச்சம் பேர். புது அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த கையெழுத்து வாரம் நல்ல வெயில். ஐந்து நாளும் மாடி ஜன்னலிலிருந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, வராதவர்களின் எண்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள்.

வேலை கிடைத்தவர்கள் கணக்கில் கூட்டத் தொடங்கினேன்.