குரல் வந்த பிறகு

கிளட்ச் சாருக்குக் குரல் திரும்பி வந்த அன்று அவர் முதலில் சொன்னது, "அந்த ஃபேனை நிறுத்து, உயிரை வாங்குது" என்பதுதான்.

படுக்கையறையில் நெருக்கியடித்து நின்றிருந்த ஆய்வுக்குழு கைதட்டியது. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. அவர் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அந்த மின்விசிறி அவர் தலைக்கு நேர்மேலே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. மல்லாந்து கிடந்தவருக்குப் பழகவில்லை.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்தபோது புத்தி அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. கண்ணை மேலே உயர்த்த முடியும், மூட முடியும். மேலே என்றால் ஆமாம். மூடினால் இல்லை. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுத்துப் பலகையை அவள் எதிரே பிடிப்பாள். முதலில் மெய்யெழுத்து, அப்புறம் உயிரெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள். வேண்டிய எழுத்தில் அவர் கண் உயரும். ஒரு சொல் முடிவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கிவிடும்.

அப்போதுதான் அந்தப் புதுக் கணினிச் சில்லு வந்தது. நகத்தளவு இருக்கும். மூளையின் மேல் ஒட்டும் மெல்லிய தகட்டோடு சேர்த்து மண்டையோட்டுக்குள் பொருத்தினார்கள்.

"சாதாரண கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலும் கரண்ட்டக் குடிச்சுக்கிட்டே இருக்கும்க்கா. சூடாயிடும், தலைக்குள்ள வைக்க முடியாது" என்று விளக்கினாள் குழுவின் பொறியாளர், இளம்பெண். "இது நரம்பு மாதிரியே செஞ்சது. சேதி வந்தாத்தான் முழிச்சுக்கும், இல்லேன்னா தூங்கும். சார் மனசுக்குள்ள பேச முயற்சி பண்ணும்போது என்ன ஒலின்னு இது பிடிச்சுக் குடுக்கும். வெளியில இருக்கிற பெட்டி அதை வார்த்தையா கோத்து அவர் குரல்லயே சொல்லும்." ஒரு மாணவன் பாடத்தின்போது எடுத்து வைத்திருந்த வீடியோக்களிலிருந்து அந்தக் குரலை உருவாக்கியிருந்தார்கள்.

அடுத்த சில வாரங்கள் வீடு களைகட்டியது. மருத்துவமனைக்குப் போகும்போது ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அவர் படுத்தபடியே வறுத்தெடுத்தார். "மூணாவது கியர்ல ஏத்தத்துல போறான் பாரு, லைசன்ஸ் எவன் குடுத்தான்?" அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலை செய்பவள். வேலை முடிந்து வந்ததும் அன்று கடைக்கு வந்தவர்களின் கதையைச் சொல்வாள். "சுருக்கமா சொல்லு" என்பார். பழையபடி சண்டையும் வந்தது. அவளுக்கு அது கூட இனித்தது.

எழுத்துப் பலகை அலமாரிக்குப் பின்னால் போயிற்று. அவளும் அவர் முகத்தருகே குனிந்து நிற்பதை விட்டுவிட்டாள். துணி மடித்துக்கொண்டே, பாத்திரம் துடைத்துக்கொண்டே, பெட்டியின் பக்கம் காதை வைத்தால் போதுமே.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் பேச்சு மென்மையானது. "தண்ணி" என்று மட்டும் சொல்பவர், "கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா?" என்றார். தலையணையைச் சரிசெய்தால் "ரொம்ப நன்றி" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல் அது. பார்க்க வந்த நாத்தனார் அசந்துபோனாள். "அண்ணனா இது? விழுந்ததுல ஆளே தங்கமாயிட்டாரே!"

"போ, நீ வேற" என்று சொன்னாலும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஒரு மாலை அவள் ஜன்னலோரம் நின்று உலர்ந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி பேசியது.

"உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன். மன்னிச்சுடு."

போர்வை கையிலிருந்து நழுவியது.

பல வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. மறுநாள் விடிந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு பையனுக்கு இன்னிக்கு டெஸ்ட்" என்று சொல்லிவிட்டு மருத்துவமனையிலிருந்து போய்விட்டார். குழந்தையை அடக்கம் செய்ய அவளுடைய அப்பாதான் போனார். அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. அவள் ஒரே ஒரு முறை எடுத்தபோது எழுந்து வெளியே போனார். மற்ற எல்லாவற்றையும் அவள் மன்னித்துவிட்டாள். இது மட்டும் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

ஓடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். ஓரத்தில் நீர் வழிந்தது.

"அழாதீங்க. எனக்கு இது போதும். இத்தனை வருஷம் இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"பரவாயில்லை" என்றது குரல். "நீ நல்லா இரு."

இருட்டும் வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் அவள் வேறு மனுஷியாக இருந்தாள். கடையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே லென்ஸ் தேய்த்தாள். கருவியைச் சரிபார்க்க வந்த பொறியாளரிடம் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் முதலில் சிரித்த முகமாகத்தான் கேட்டாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"அக்கா, கொஞ்சம் வெளியில வர்றீங்களா?"

"இங்கயே சொல்லும்மா. அவரும் கேக்கட்டும்."

"மூளை மேல வச்ச தகட்டைச் சுத்தித் தழும்பு படர்ந்திருக்கு. சிக்னல் குறைஞ்சுக்கிட்டே வருது. சிக்னல் தெளிவா இல்லேன்னா பெட்டி ஊகிக்கும்க்கா. ஜனங்க இந்த மாதிரி நேரத்துல பொதுவா என்ன பேசுவாங்களோ, அதை வச்சு நிரப்பிடும். முதல்ல ஊகம் கொஞ்சமா இருந்துச்சு. இப்ப..."

"இப்ப?"

"பெரும்பாலும் ஊகம்தான். நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பல நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் குனிந்து அவர் கண்களை நேராகப் பார்த்தாள். அவையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"அன்னிக்கு மன்னிச்சுடுன்னு சொன்னது நீங்களா?"

அவர் கண்களை மூடினார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தரம் கண்ணை உயர்த்தினால் போதும், அவள் ஆயுசு முழுக்க அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"பெட்டியை அணைச்சிரும்மா" என்றாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்துத் தூசி தட்டினாள். "அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?" எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு போனாள். க். ஆ. ல்.

"காலா?"

கண் உயர்ந்தது.

"வலிச்சுதா?"

உயர்ந்தது.

கால் நரம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. திருப்பிப் போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். கண்ணை மூடி மூடி, இல்லை இல்லை என்று கத்தியிருக்கிறார். அவளோ கையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அவர் பேச முயன்ற ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பொறியாளர் அழுதுகொண்டே ஒயர்களைச் சுருட்டினாள். தகட்டை மாற்ற இன்னொரு முறை மண்டையைத் திறக்க வேண்டும். அவர் உடம்பு தாங்காது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த வாரமே பெட்டி போயிற்று.

பெட்டி போன மறுநாள், அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு அவர் முகத்தருகே வந்தாள்.

"குழந்தையை விட்டுட்டு அன்னிக்குப் போனீங்களே. அதை எப்பவாவது நெனச்சிருக்கீங்களா?"

அவர் கண்கள் மேலே போயின. நெடுநேரம் இறங்கவில்லை.

"ஏன் போனீங்க?"

அவள் பலகையை எடுத்தாள். முதலில் ப், அ. அடுத்து ய், அ. அவள் மனசு தானாகவே அடுத்ததைத் தேடி ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். இனி அவளும் ஊகிக்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அவர் கண் உயரும்வரை காத்திருந்தாள். ம்.

பயம்.

அவ்வளவுதான். அவர் களைத்துப்போய்விட்டார். மன்னிப்பு கேட்கவில்லை. அதன் பிறகு அவர் இருந்த காலம் வரை கேட்கவும் இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்த மருத்துவமனையில் தானும் பயந்துதான் கிடந்ததாக அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். கட்டிலின் காலடிக்கு நாற்காலியை இழுத்து, அவர் கண் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபடி காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள்.