டேங்க் ரொம்பிடுச்சி

அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைப் பிரவின் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த போன் மறுபடியும் அதிர்ந்தது. "அத்த ஆஃப் பண்ணித் தொலடா," என்றார் லட்சுமணன் மாமா. இன்றைக்குத்தான் பிரவினும் நண்பர்களும் சேர்ந்த 'உப்பங்கழி' இசைக்குழுவின் புது ஆல்பம் வெளியாகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தேதி எப்போதோ குறித்தாயிற்று. அப்பாதான் விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் வாசிப்பது ஒரு மாதிரியான பாட்டு. கிடார் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் எருமை நடப்பதுபோல நகரும். கேட்கிறவன் மயங்கி எங்கேயோ போய்விடுவான். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா ரவிச்சந்திரன் மட்டும் மயங்கவே இல்லை. ஊரப்பாக்கம் வீட்டு மாடி அறையில் பதிவு நடந்த அன்று கீழேயிருந்து கத்தினார்: "டேய் பிரவினு, மோட்டார ஆஃப் பண்ணுடா, டேங்க் ரொம்பிடுச்சி."

இரண்டாவது பாட்டின் நடுவில் அது அப்படியே பதிவாகிவிட்டது. டிரம்ஸ் வாசிக்கும் ஜெபகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். "இருக்கட்டும் மச்சான், சூப்பரா கீது." பிரவினுக்கு மானமே போயிற்று. அந்தக் குரலைத் தூக்கிவிடச் சொன்னான்.

மதியம் ஜெபகுமார் மாலையோடு வந்தான். பிரவின் அவனைப் பந்தலின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பா கொரல தூக்கிட்டியா?"

"நீதான மச்சான் தூக்கச் சொன்ன."

"பழைய ஃபைலு?"

ஜெபகுமார் தரையில் கிடந்த பூவைக் காலால் ஒதுக்கினான். "எடம் இல்லன்னு அழிச்சிட்டேன்டா."

பிரவின் போனை எடுத்து, அப்பாவின் குரல் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினான். வாட்ஸப்பில் அப்பா பேசி அனுப்புகிற ஆளே இல்லை. எதற்கும் ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான்.

மறுநாள் நெம்மேலி கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து எல்லோரும் குளித்தார்கள், சாப்பிட்டார்கள், கிளம்பினார்கள். "டேங்க்ல தண்ணியே இல்ல, மோட்டார் போட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அம்மா தெய்வநாயகி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிரவின் மாடிக்குப் போய் ஹெட்போனை மாட்டினான். ஆல்பத்தின் கீழே போலந்துக்காரன் ஒருவன், கேட்டுக் கரைந்தே போனேன் என்று எழுதியிருந்தான். பிரவின் இரண்டாவது பாட்டைப் போட்டான். அந்த இடம் நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டான். வராது என்று தெரியும். இருந்தாலும் காத்திருந்தான்.

கிடார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஜெபகுமாரின் வேலை சுத்தமான வேலை, ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. பின்னால் தள்ளி மறுபடி கேட்டான். இன்னொரு முறையும் கேட்டான்.

ஹெட்போனைக் கழற்றியபோது வெளியே சளசளவென்று சத்தம். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, ஜன்னலுக்கு மேலே சன்ஷேடில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிரவின் எழுந்திருக்காமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.