சிவப்பு டப்பாவில் ஒரு அட்டை

கணவரின் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு அவள் தலையணை உறையை உருவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்.

"சிவப்பு டப்பாவ எடு."

"காலங்காத்தாலயா? நம்ம கிளாஸு சாயங்காலம்தானே?"

"எடேன்."

ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த மூத்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "மூச்சு விடவே முடியல. இந்த லட்சணத்துல இவனுக்கு இங்கிலீஷு ஒரு கேடு."

நாத்தனாருக்கு வாய்தான் அப்படி. அஞ்சு மாதமாகத் தம்பியின் துணிமணியை வேறு யாரையும் துவைக்க விட்டதில்லை.

அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவுகிறவள். உதவியாளர் வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டுமானால் முழ நீளத்துக்கு வரும் இங்கிலீஷ் வார்த்தைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். "முழுசா முழுங்காதீங்க, கழட்டிப் பாருங்க" என்றாள் மாலை வகுப்பு டீச்சர். எல்லாமே லத்தீன், கிரேக்க வேர்களை ஒட்டவைத்ததுதானாம். இருநூறு வேர் தெரிந்தால் ஆயிரம் வார்த்தை தானாகப் பிடிபடுமாம். இதைக் கேட்டதும் பிளம்பரான அவள் கணவருக்குக் குஷி தாங்கவில்லை.

"அடிப்பாவி, இது நம்ம தொழிலாச்சே! குழாய்க்கு எல்போ, டீ, யூனியன் மாட்டற மாதிரிதான். எதை எதோட மாட்டறோம்ங்கறதுதான் விஷயம்."

அன்றிலிருந்து அவர்தான் பரீட்சை அதிகாரி. ஒவ்வொரு வேருக்கும் ஒரு அட்டை: ஒரு பக்கம் வேர், மறுபக்கம் தமிழில் அர்த்தம். சரியாகச் சொன்ன அட்டை நீல டப்பாவுக்குப் போகும். சொல்லாதது சிவப்பிலேயே கிடக்கும். படுத்த படுக்கையான பிறகும் அவர் விடவில்லை. "சிவப்பு டப்பா காலியாகாம நான் எங்கயும் போறதா இல்ல" என்று ஒருநாள் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

பதினாறு நாளைக்கு முன்னால், ஆஸ்பத்திரி நடையில் பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம். மெட்டாஸ்டாஸிஸ். அவள் சுவரில் சாய்ந்து அதைக் கழற்றிப் பார்த்தாள். மெட்டா என்றால் தாண்டி. ஸ்டாஸிஸ் என்றால் நிற்பது. புற்று, நின்ற இடத்தைத் தாண்டிவிட்டது. யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சிவப்பு டப்பாவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு அட்டை. ஹைட்ரோ.

"தெரியல" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா ஒரு பிளம்பரோட குடித்தனம் பண்ற. இது தெரியலன்னு வெளிய சொல்லிடாத, என் மானம் போயிடும்." அட்டையைத் திருப்பிக் காட்டாமல் சிவப்பு டப்பாவிலேயே போட்டு மூடினார். தினமும் அதே கேள்வி, அதே பதில். பதினாறு நாளாக அவள் ஒரு நாள்கூடப் பாஸாகவில்லை.

இப்போது அவள் எடுத்துக் கொடுத்த டப்பாவிலிருந்து அந்த அட்டையை அவர் தூக்கிக் காட்டினார்.

"இது?"

"தெரியல."

அவர் சிரிக்கவில்லை. "நல்லா யோசி."

"யோசிச்சாச்சுங்க. தெரியல."

"உடம்பு தாங்கலடி" என்றார்.

ஸ்பானர் நழுவிக் கட்டைவிரல் நகம் பிய்ந்து வந்த அன்றுகூட, வீட்டுக்கு வந்து காபி கேட்ட மனுஷன் அவர். இந்த அஞ்சு மாதத்தில் ஒருமுறைகூட இப்படிச் சொன்னதில்லை.

"இன்னிக்குச் சொல்லிடேன்."

நாத்தனாரின் கைகள் துணி மேல் அப்படியே நின்றன. பிளம்பர் வீட்டுக் குழாய்தான் ஊரிலேயே மோசம் என்பார்கள். சமையலறையில் அது சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இதை என் வாயாலேயே சொல்லச் சொல்கிறாரே என்று வந்தது. பிறகு அவர் உதடு காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்தாள்.

"தண்ணி" என்றாள்.

"சத்தமா."

"தண்ணிங்க."

"அப்பாடி. பாஸு."

அவரே எட்டி அட்டையை நீல டப்பாவில் போட்டார். மூடியை அழுத்தத்தான் தெம்பில்லை. அவர் கைமேல் தன் கையை வைத்து அவள் அழுத்தினாள்.

மதியம் இரண்டு மணிக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. நாத்தனார் மட்டும் இருந்து, அறையைப் பெருக்கி மருந்துப் புட்டிகளை மூட்டை கட்டினாள்.

"திங்கக்கெழம பரீட்சைக்குப் போவியா?"

"போவேன் அண்ணி."

"போ. போகாட்டி அவன் என்னைத்தான் திட்டுவான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிவப்பு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். "இது காலியாத்தானே கெடக்கு? ஊசி நூல் போட்டு வெச்சுக்கட்டுமா?"

அவள் எழுந்துபோய் நீல டப்பாவைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, ஹைட்ரோ அட்டை மேலாகவே இருந்தது. அதை எடுத்து, நாத்தனார் கையிலிருந்த சிவப்பு டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினாள்.

"இல்ல அண்ணி. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

நாத்தனார் டப்பாவைக் கட்டில் தலைமாட்டில் பழைய இடத்திலேயே வைத்தாள். ஊசியையும் நூலையும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.