ஆளுக்கொரு அன்னம்மா

தலவிலக் கரையில் படகு வாங்குகிற எவரும் பெயருக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. கோயில் தாயான புனித அன்னம்மாளின் பெயர்தான். ஆளுக்கொரு அன்னம்மா நிற்பதால், மீனவர் சங்கக் கணினியிலும் 'அன்னம்மா' என்று போட்டு, பின்னால் பதிவு எண்ணைச் சேர்த்துத்தான் ஒவ்வொரு படகுக்கும் கோப்புறை வைத்திருந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொள்பவள் சுதர்சினி. விற்றுப்போன ஒரு படகின் கோப்புறையை அழிக்கப் போய், பஸ்தியானுடைய படகின் கோப்புறையை அழித்துவிட்டாள். படகின் ஜிபிஎஸ் கருவியில் பிரதி இருந்ததால், கோப்புறையில் இருந்த அவருடைய கடற்பாதைகள் தப்பின. சுதர்சினியின் வேலைதான் ஆட்டம் கண்டது.

"கை தவறிப்போச்சு எண்டு எல்லாருக்கும் முன்னால எங்களிட்ட மன்னிப்புக் கேளு, மகள். இல்லாட்டி வேற ஆளைப் பாக்கிறம்," என்றார் சங்கத் தலைவர், கூட்டத்தில். கணினியை அமைத்துக் கொடுத்த அவருடைய மருமகன் றொபி, பக்கத்துக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

சுதர்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையா தவறியது? கட்டளை தட்டும் கறுப்புத் திரையில், பெயரின் தொடக்கத்தைத் தட்டி டெப் பொத்தானை அழுத்தினால் மிச்சத்தை அதுவே நிரப்பும். பல பெயர்கள் பொருந்தினால் பொதுவான எழுத்துகளோடு நின்றுவிடும். முழுதாக நிரப்பினால் வேறு பெயர் இல்லை என்று பொருள். அன்றும் பதிவு எண்ணின் முதல் இலக்கங்கள் வரை தட்டியதுமே முழுதாக நிரப்பியது. நம்பி என்டரைத் தட்டினாள்.

"முதல்ல இதைப் பாருங்க," என்று திரையைத் திருப்பினாள். வேறு வேறு எண்களோடு இரண்டு வெற்று அன்னம்மா கோப்புறைகளை உருவாக்கி, அன்னம்மா என்று தட்டி டெப்பை அழுத்தினாள். நிற்கவேண்டியது நிற்காமல் முதல் பெயரை முழுசாகக் கொண்டுவந்து வைத்தது. அமைப்புக் கோப்பைத் திறந்தாள். டெப்பின் குணத்தை மாற்றும் வரி அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தது. சேமித்தவர் பெயர் றொபி.

கால் ஆட்டம் நின்றது. "வேகமா இருக்குமெண்டு போட்டன். சொல்ல மறந்துட்டன்."

"சின்ன விசயம்," என்றார் தலைவர். "நீ ஒரு சொல்லுக் கேட்டுடு மகள், முடிஞ்சிரும்."

சுதர்சினி எழுந்து, பின்வரிசையில் இருந்த பஸ்தியானிடம் போனாள். "நம்பரைப் பாராம அடிச்சது என்ர பிழை, மாமா. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"ஓம் மகள், விடு," என்றார் அவர்.

திரும்பி வந்து அந்த வரியை அழித்தாள். "றொபி அண்ணன், இனி இதில கை வைக்கிறதெண்டா என்னைக் கேளுங்க."

"அப்ப எங்களிட்ட மன்னிப்பு?" என்றார் தலைவர்.

"கேக்கமாட்டன்."

"அப்ப வேற ஆள் பாக்கட்டா?"

"பாருங்க. வாற ஆளிட்டயும் நடந்ததைச் சொல்லிட்டுத்தான் எழும்புவன்," என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் சுதர்சினி.